கியோட்டோவில் ஒரே ஒரு நாள்: கிழக்கா, வடமேற்கா?

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள பௌத்தக் கோயில்களை ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாது. ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

கிழக்கு மலையடிவாரம் நடப்பவர்களுக்கு உரியது. கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். 1633-இல் மீண்டும் கட்டப்பட்ட அதன் மரமேடை சுமார் 13 மீட்டர் உயரத் தூண்கள்மேல் நிற்கிறது. குறுக்குச் சட்டங்களைத் தூண்களில் கோத்தே அதை நிறுத்தியிருக்கிறார்கள். கீழே இறங்கி நின்று அந்த இணைப்புகளை அவசியம் பாருங்கள். பிறகு வடக்கே நான்சென் கோயிலின் பெருவாயில், அங்கிருந்து கால்வாயோரமாக கின்காகு (Ginkaku) என்னும் வெள்ளிக் கோயில். பெயரில்தான் வெள்ளி, சுவரில் இல்லை.

வடமேற்கில் நடை குறைவு. ஆனால் அங்கு போய்ச்சேர பஸ்ஸில் நெரிசல். பொற்கோயிலான கின்காகு (Kinkaku) 1950-இல் எரிந்து 1955-இல் மீண்டும் எழுந்தது. அழகுதான், ஆனாலும் குளத்துக்கு அப்பாலிருந்தே பார்க்க முடியும். அருகிலுள்ள ரியோவான் கோயிலின் கல்தோட்டத்தில் 15 கற்கள். திண்ணையில் எங்கு உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும்.

முதல்முறை போகிறவர்களுக்குக் கிழக்கையே சொல்வேன். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் வடமேற்குதான் சரி.