பின்லாந்து ஸ்வீடிஷ் கட்சியா, தெற்கு டைரோல் ஜெர்மன் கட்சியா?

சிறுபான்மை மொழியைப் பாதுகாக்குறதுல எது ஸ்ட்ராங்? ரெண்டுமே மொழிச் சிறுபான்மைக் கட்சிதான், ஆனா ரூட்டு வேற வேற. பின்லாந்துல இருக்கிற ஸ்வீடிஷ் மக்கள் கட்சி 1906ல ஆரம்பிச்சது, லிபரல் கட்சி. நாட்டுல ஸ்வீடிஷ் பேசுறவங்க சுமார் 5 சதவீதம்தான், அதனால தனியா ஜெயிச்சு ஆட்சியெல்லாம் நடக்காத காரியம், ஆனா 1979லேர்ந்து 2015 வரைக்கும் யார் பிரதமரா வந்தாலும் இவங்க கேபினட்ல இருந்தாங்க பாருங்க, அதுதான் கில்லாடித்தனம்! இடதோ வலதோ, ஸ்கூல்ல ஸ்வீடிஷ் பாடம் கட்டாயமா இருக்கணும், ரெண்டு மொழியும் ஆட்சிமொழியா இருக்கணும், அதுல மட்டும் கை வைக்காதீங்கன்னு பேரம். இதோட விலை என்னன்னா 2023ல கட்டாய ஸ்வீடிஷ் வேணாம்னு சொல்ற பின்ஸ் கட்சி (வலதுசாரி தேசியவாதக் கட்சி) கூடவே ஒரே கூட்டணில உக்கார வேண்டியதாச்சு, லிபரல் ஆளுங்களுக்கு அது தொண்டையில மாட்டின முள்ளு மாதிரி.

தெற்கு டைரோல்ங்கிறது இத்தாலியோட வடக்குல இருக்கிற ஒரு மாகாணம், அங்க தெற்கு டைரோல் மக்கள் கட்சி 1945ல வந்தது. இது லிபரல் இல்ல, கிறிஸ்தவ ஜனநாயகம். அங்க அந்த மாகாணத்துல ஜெர்மன் பேசுறவங்கதான் மெஜாரிட்டி, அதனால ரோம்ல பேரம் பேசுனாலும் உள்ளூர்ல இவங்கதான் ராஜா. 1972 தன்னாட்சிச் சட்டம் வந்தப்புறம் அரசு வேலைகூட மொழிவாரியா பங்கு பிரிச்சாச்சு.

எனக்கு கேட்டா பாதுகாப்புக்கு டைரோல் மாடல்தான் ஸ்ட்ராங், ஆனா ஆளுங்க ஒரே இடத்துல அடர்த்தியா இருந்தாதான் அது ஓடும். கடலோரம் பூரா சிதறிக் கிடக்கிற பின்லாந்து ஸ்வீடிஷ்காரங்களுக்கு கேபினட் சீட்டுதான் கோட்டை.