காஷான் பொன்மினுக்கு: குப்பி லஸ்டரா, காவிப் பசையா?

லஸ்டர் என்பது ஓட்டின் மேல் பூசிச் சுட்டால் உலோகப் பளபளப்புத் தரும் பூச்சு. காஷான் பாணியில் ஓடு தீட்ட வாங்கிய லஸ்டர் தேறுமா என்று பார்க்க ஓர் ஊசி போதும். பூசிக் காய்ந்த இடத்தில் கடுகளவு சுருள் ஒன்றைக் கீறிப் பாருங்கள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஈரானின் காஷான் நகரத்தார் செய்த ஓடுகளில், பொன்பழுப்புப் பின்புலம் முழுக்க இப்படிக் கீறிய சுருள்கள்தான். லஸ்டரை அப்பியதும், சுடுவதற்கு முன்பே கீறி எடுப்பார்கள். அடியிலுள்ள வெள்ளை மெருகு, அதாவது ஓட்டின் மேல் உருகிப் பிடித்த கண்ணாடிப் பூச்சு, மயிரிழையாகத் தெரியும். அந்த வெள்ளை இல்லையென்றால் பின்புலம் தார் பூசியதுபோல் கனத்துக் கிடக்கும்.

கடைகளில் லஸ்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. குப்பியில் வரும் பழுப்புத் திரவம் ஒன்று. களிமண்ணும் காவியும் கலந்த தூள் அல்லது பசை மற்றொன்று. உறையில் 'புகைச் சூளைக்கு' என்ற குறிப்பு இருந்தால் அது இரண்டாவது வகை.

குப்பித் திரவம் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. உலோகத்தைப் பிசினோடு சேர்த்து எண்ணெயில் கரைத்தது. சாதாரண மின்சூளையில் 700 முதல் 800 டிகிரி செல்சியஸுக்குள் சுட்டால் பளபளப்பு வந்துவிடும். புகை போட வேண்டாம். இந்த வசதியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஊசிச் சோதனையில் தோற்கிறது. காய்ந்த பிசின் படலம் பொடியாக உதிராமல் செதிலாகப் பெயர்கிறது. சுருளின் ஓரம் பல்லுப் பல்லாக நிற்கிறது. சுட்டபின் கிடைக்கும் பொன்னும் மெருகின் மேலே ஒட்டிய மெல்லிய தகடுதான். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஒரே நிறம், தேய்க்கத் தேய்க்கப் போய்விடும்.

இதில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் கை சுத்தத்தைப் பொறுத்தவை. பூசும் முன் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் விரல் ரேகை அப்படியே சூளையில் பதிந்துவிடும். பொன் திரவத்தை மெல்லிசாகப் பூசினால் ஊதா படரும், தடித்தால் கொப்புளித்து வெடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தூரிகை வேண்டும். எண்ணெய் எரிந்து தீரும்வரை, ஏறக்குறைய 500 டிகிரி வரைக்கும், சூளையின் மூடி சற்றே திறந்திருக்க வேண்டும். மூடிவிட்டால் பளபளப்பு மங்கும். அந்த ஆவி நெஞ்சுக்கு ஆகாது என்பதால் அறையில் காற்றோட்டம் கட்டாயம்.

காவிப் பசைதான் காஷானின் நேர் வாரிசு. வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் காவிமண்ணோடு அரைத்து, வினிகர் விட்டுக் குழைக்கிறார்கள். வெள்ளி கூடினால் மஞ்சள் சாயல், செம்பு கூடினால் செம்மை. காஷானின் அபூ தாஹிர் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301இல் எழுதிய குறிப்பில் மனோசிலையும் தாளகமும்கூடப் பட்டியலில் உண்டு. இரண்டும் ஆர்செனிக், பழமை மோகத்தில் அதைச் சேர்க்கப் போகாதீர்கள், தேவையே இல்லை.

பசை காய்ந்ததும் மாவாக நிற்கும். ஊசி பட்ட இடம் மட்டும் சுத்தமாக உதிரும்; சுருளின் உள்வளைவுகூடச் சிதையாது. தூரிகையில் ஓடுவதற்காகக் கோந்து சேர்ப்பவர்கள் சில சொட்டோடு நிறுத்த வேண்டும். கூடினால் இதுவும் குப்பித் திரவம்போலச் செதிலாகும்.

சிரமமெல்லாம் சூளையில். முன்பே சுட்டு மெருகேறிய ஓட்டை மறுபடி 600 முதல் 680 டிகிரிக்குள் கொண்டுபோய், காற்றைக் குறைத்துப் புகை மூட்ட வேண்டும். வெள்ளி, செம்பு அயனிகள் மெருகிலுள்ள சோடியம், பொட்டாசியத்தோடு இடம் மாறி உள்ளே போகும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அவற்றை நுண்ணிய உலோகத் துகள்களாக்கும். மேற்பரப்புக்குச் சற்றே உள்ளே இருப்பதால்தான் சாய்க்கும்போது பழுப்பு பொன்னாகி, பொன் நீலச் சாயலாகிறது. அபுல் காசிம் கணக்கில் மெல்லிய புகை 72 மணி நேரம். இன்றைய சிறு சூளைகளில் சில நிமிடம் புகை, சில நிமிடம் தெளிவு என்று மாறி மாறிக் கொடுத்து, இடையிடையே அதே பசை பூசிய சிறு சோதனை வளையங்களைக் கம்பியால் வெளியே இழுத்துப் பார்க்கிறார்கள். அந்த வளையம் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது குருட்டாட்டம்.

இறுகிய, காவி ஒட்டிய பழுப்பாக வந்தால் வெப்பம் மிஞ்சியிருக்கிறது. மெருகு இளகிக் களிமண்ணை விழுங்கிவிட்டது. மஞ்சள் கறை மட்டும் விழுந்து பளபளப்பு இல்லையென்றால் புகை பற்றவில்லை. வெள்ளை மெருகு முழுக்கச் சாம்பலாகிவிட்டால் பெரும்பாலும் ஈயம் அதிகமுள்ள மெருகு புகையில் கருத்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் நிறமே ஏறவில்லையா? மெருகு கடினம். 1200 டிகிரிக்கு மேல் சுட்ட மெருகு 650இல் அசையாது, உலோகம் உள்ளே நுழையாது. 1000 டிகிரியைச் சுற்றி உருகும், வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகே இதற்குத் தோது. பசை விற்பவர்கள் இதை உறையில் பெரிதாக அச்சடித்தால் பாதிப் புகார்கள் குறையும்.

எழுத்து ஓரம் மட்டும் தீட்டுவோருக்கு, அதுவும் சுவரில் மாட்டும் ஓட்டுக்கு, குப்பி போதும். ஈரானின் வராமின் நகரிலுள்ள இமாம்சாதா யஹ்யா என்ற அடக்கத்தலத்திலிருந்த 1262ஆம் ஆண்டு நட்சத்திர ஓடுகள்போல் கொடியும் சுருளுமாக நிரப்ப நினைப்பவர்கள் பசையையே வாங்குங்கள். முதல் சுற்றில் பாதி ஓடு வீணாகும் என்று கணக்குப் போட்டே வாங்குங்கள்.

சூளையிலிருந்து எடுத்ததும் பசை பூசிய ஓடு கருகிய மேலோட்டோடு அவலட்சணமாக இருக்கும். பதறித் தூக்கி எறிய வேண்டாம். முழுக்க ஆறிய பிறகு, ஈர மண்ணைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். அபுல் காசிமும் இதையேதான் சொல்கிறார். கருப்பு வழிந்து இறங்கும்போது முதலில் தெரிவது பொன் அல்ல, ஊசி கீறிய வெள்ளைச் சுருள்கள்.