ராஸ்பெர்ரி பையில் பாக்ஸ்64: நெல் ஈரப்பதக் கணக்குக்குச் சரிவருமா?

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலையில் 64 பிட் இன்டெல் கணினிக்கென்று தொகுத்த பழைய லினக்ஸ் நிரல் ஒன்று இருக்கிறது, மூலநிரல் கையில் இல்லை, அதை ஆர்ம் வகைச் சில்லில் ஓடும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பையில் (சுருக்கமாக, பை) ஓட்ட வேண்டும் என்றால் முதலில் எடுக்க வேண்டியது பாக்ஸ்64 என்ற மென்பொருள். இன்டெல் கட்டளைகளை ஓடும்போதே ஆர்ம் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. சி நூலகம், கணித நூலகம் போன்றவற்றுக்கு பையில் இருப்பதையே பயன்படுத்துவதால் இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான கியூஎமுவை (QEMU) விட நல்ல வேகம். ஆனால் ஓர் அமைப்பை மாற்றாமல் கணக்கு நிரலை அதில் ஏற்றக் கூடாது.

சிக்கல், தசம எண்ணை முழு எண்ணாக்கும் இடத்தில். 32 பிட்டுக்குள் அடங்காத மதிப்பு, முடிவிலி, நேன் எனப்படும் எண்ணில்லா மதிப்பு, எது வந்தாலும் இன்டெல் -2147483648 என்றே தரும். ஆர்ம் அப்படியல்ல: நேனுக்கு 0, மேல் வரம்பைத் தாண்டினால் 2147483647, கீழ் வரம்பைத் தாண்டினால் மட்டுமே -2147483648. சி மொழி இதற்கு விடை வரையறுக்கவே இல்லை. அதனால் இரண்டு சில்லும் தப்பு செய்யவில்லை.

ஆலையில் இது எப்படிக் கடிக்கும்? நிரல் ஈரப்பத அளவுகளைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுக்கிறது. சென்சார் கம்பி கழன்று ஓர் அளவும் வரவில்லை என்றால் 0.0/0.0, அதாவது நேன். இன்டெலில் அது பெரிய மைனஸ் எண்ணாகி, 'பூஜ்யத்துக்குக் கீழே போனால் பிழை' என்ற சோதனையில் மாட்டிக்கொள்ளும். ஆர்மில் 0 ஆகிச் சோதனையைத் தாண்டிவிடும். வரம்பு 17 சதவீதம் என்று வைத்த நிரல், அளக்கவே அளக்காத குறுவை நெல்லுக்கு 'தேறியது' என்று சீட்டு அடிக்கும்.

பாக்ஸ்64 வேகத்துக்காக இயல்பாக ஆர்ம் விடையை அப்படியே விட்டுவிடுகிறது. ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். டைனாரெக் ஃபாஸ்ட்ரவுண்ட் (BOX64_DYNAREC_FASTROUND) என்ற அமைப்பை 0 ஆக்கினால், கணக்கில் நேரும் பிழைகளைச் சில்லு குறித்துவைக்கும் நிலைப் பதிவகத்தில் 'செல்லாத செயல்' கொடியை அழித்து, மாற்றத்தைச் செய்து, கொடி எழுந்திருக்கிறதா என்று பார்த்து, எழுந்திருந்தால் -2147483648 வைக்கிறது. ஒரு கட்டளை இருந்த இடத்தில் பல கட்டளைகள். அந்தப் பதிவகத்தைத் தொடுவதும் மெதுவான வேலை. விளையாட்டுகளில் உறுத்தலாம், எடைச்சீட்டு நிரலில் தெரியவே தெரியாது. அமைப்புக் கோப்பில் அந்த நிரலின் பெயருக்குக் கீழே மட்டும் இதை எழுதினால் போதும்.

சோதிக்க: நேன், 3000000000.0 இரண்டையும் முழு எண்ணாக்கி அச்சிடும் சிறு சி நிரலை இன்டெல் கணினியில் தொகுத்து பைக்குக் கொண்டுவாருங்கள். மாறிகளை 'வாலட்டைல்' (volatile) என்று அறிவிப்பது கட்டாயம். இல்லையென்றால் தொகுப்பியே விடையைக் கணக்கிட்டுப் பதித்துவிடும், சோதனை எதையும் காட்டாது. இயல்பு அமைப்பில் 0, 2147483647 வரும். மாற்றிய பின் இரண்டும் -2147483648. ஒரு பைட்டாக வெட்டும் நிரல்களையும் கவனியுங்கள்: அதே 300 கோடியை முழு எண்ணாக்கி வரும் விடையின் கடைசி 8 பிட் இன்டெலில் 0, ஆர்மில் 255. அதைப் படத்தின் நிற அளவாக எடுத்தால், கறுப்புப் புள்ளி வெள்ளையாகிவிடும்.

கியூஎமு இந்த மாற்றத்தை மென்பொருளிலேயே செய்து இன்டெல் விடையைத் தருகிறது. மெதுவானதுதான், ஒத்துப்பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம்.

இயல்பு அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும் பை இருந்தால், பதிவுகளில் ஈரப்பதம் 0 என்றும் 2147483647 என்றும் உள்ள வரிகளைத் தேடி எடுத்து, அந்த மூட்டைகளை மறுபடி அளந்துவிடுங்கள்.