தீவுக்கா, மலைக்கா? பத்து நாள் ஒதுங்கி இருக்க மூன்று இடங்கள்

ஆடி, ஆவணி வந்தால் திருகோணமலையில் உப்புவெளியும் நிலாவெளியும் வெளிநாட்டுச் சொந்தங்களால் நிறைந்துவிடும். கடலில் குளித்து, புறாமலைத் தீவுக்குப் படகில் போய் வந்து, கோணேசரையும் கும்பிட்டு முடித்த பிறகு அவர்களில் ஒருவராவது இந்தக் கதையை எடுப்பார்: “போனையும் வீட்டையும் விட்டுப்போட்டு எங்கேயாவது பத்து நாள் இருக்கவேணும். சும்மா படுத்துக் கிடக்க இல்லை, ஏதாவது பழகிக்கொண்டு வரவேணும்.” அடுத்து இடங்களின் பெயர்கள் வரும். வன்கூவர் மச்சான் ஹாலிஹாக் என்பார். ரொறன்ரோ அக்கா பஹாமாஸ் சிவானந்த ஆச்சிரமம் என்பார். இங்கே வங்கியில் வேலை செய்யும் தம்பி விபாசனா என்ற பத்து நாள் மௌனத் தியான முகாம் என்பான்.

அறை எப்படி, சாப்பாடு எப்படி, கடற்கரை எப்படி என்று இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. எங்கே போனாலும் இரண்டாம் மூன்றாம் நாள் ஓர் அலுப்பு வரும். பெட்டியைக் கட்டலாமா என்று மனம் கேட்கும். அந்த நேரத்தில் ஆளைப் பிடித்து வைப்பது எது? அதைப் பார்த்துத்தான் தெரிவு செய்யவேணும் என்பது என் கட்சி.

கோர்டெஸ் தீவு

ஹாலிஹாக் இருப்பது கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கோர்டெஸ் தீவில். ஊரே ஆயிரம் பேர் அளவில்தான். 1982இல் தொடங்கிய, இலாப நோக்கில்லாத பயிற்சி மையம். போகும் வழியைக் கேட்டாலே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். வன்கூவர் நகரிலிருந்து கப்பலேறி வன்கூவர் தீவுக்குப் போய், வடக்கே கேம்பல் ரிவர் வரை வீதியால் ஓடி, பத்து நிமிட பெரிக் கப்பலில் குவாட்ரா தீவில் இறங்கி, அதைக் குறுக்கே கடந்து ஹெரியட் பே துறைக்குப் போனால் இன்னொரு பெரி நிற்கும். அதில் முக்கால் மணி நேரம். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும் வரை பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இது விளங்கும். நினைத்தவுடன் வெளிக்கிட முடியாது. கோர்டெஸில் ஆளைப் பிடித்து வைப்பது கடல்தான்.

எழுத்து, தியானம், கலை, தலைமைத்துவம் என்று அங்கே பயிற்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆசிரியர்களும் மாறுவார்கள். ஆகவே ஹாலிஹாக் நல்லதா என்று கேட்பதை விட, இந்த வருடம் யார் எதைப் பழக்குகிறார் என்று கேட்பதுதான் புத்தி. பருவம் கோடையை ஒட்டியது. பயிற்சிக்கு ஒரு காசு, தங்கவும் சாப்பிடவும் இன்னொரு காசு. முதல் தொகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வழிச்செலவும் சேர்ந்தால் கூடாரத்தில் படுப்பவருக்கே கை கடிக்கும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கனடா விசா வேறு.

இன்னொன்று. கடலைப் பார்த்தால் மனம் அடங்கும் என்பது கடலில்லாத ஊர்க்காரரின் கணக்கு. நமக்குக் கடல் என்றால் வலை, இன்ஜின், மண்ணெண்ணெய் விலை. நம் ஊரில் பிறந்தவர் அவ்வளவு தூரம் போய் இன்னொரு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? வகுப்புக்காகப் போனால் சரி, காட்சிக்காக என்றால் நான் வேண்டாம் என்பேன்.

பஹாமாஸ்

பத்தமடையில் பிறந்து ரிஷிகேஷில் ஆச்சிரமம் அமைத்த சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தா, 1967இல் தொடங்கிய இடம் இது. 1965இல் படப்பிடிப்புக்காக பஹாமாஸ் வந்த பீட்டில்ஸ் குழுவினருக்கு யோகப் புத்தகம் கொடுத்தவர் அவர்தான். பரடைஸ் தீவு என்ற பெயரைக் கேட்டு ஆளில்லாத் தீவு என்று நினைக்க வேண்டாம். தலைநகர் நசாவிலிருந்து பாலமே இருக்கிறது. பக்கத்திலேயே சூதாட்ட மண்டபத்தோடு பெரிய ஹோட்டல்.

அங்கே பிடித்து வைப்பது நேர அட்டவணை. விடியக் காலை ஆறு மணிக்கு சத்சங்கம், பிறகு ஆசனம், பத்து மணிக்குச் சாப்பாடு, பின்னேரம் மறுபடி ஆசனம், ஆறு மணிக்கு இரண்டாவது சாப்பாடு, எட்டு மணிக்கு மறுபடி சத்சங்கம். மரக்கறிதான், வெங்காயமும் உள்ளியும் கிடையாது. வெள்ளைக்காரருக்கு இது புதினம். நம் அம்மாமாருக்கோ பாதி தெரிந்த விஷயம்: கந்தசஷ்டி விரதம் பிடித்தவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு ஒரு பெரிய வேலையா? பிள்ளையார் பாட்டோடு தொடங்கும் பஜனைக்குக் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கனடாவில் இருக்கும் தாயையோ பெரியம்மாவையோ தனியே எங்காவது அனுப்புவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். இங்கிருந்து போவது மட்டும் வீண் அலைச்சல். வழியில் ஏறி இறங்கும் நாடுகளுக்கும் விசாத் தொல்லை வரும்.

ஹிந்தகல

தீவும் இல்லை, கடலும் இல்லை. பேராதனைக்குப் பக்கத்தில் ஹிந்தகல மலையில் இருக்கிறது தம்மகூட விபாசனா நிலையம். திருகோணமலையில் கண்டி பஸ் ஏறினால் தம்புள்ளை, மாத்தளை வழியாக ஒரு பகலில் போய்விடலாம். கட்டணம் இல்லை. முழு முகாமையும் முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள்.

இங்கே பிடித்து வைப்பது நீங்கள் கொடுத்த வாக்கு. போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்படைக்க வேண்டும். பேச்சு இல்லை, சைகையும் இல்லை. நாலு மணிக்கு மணி அடிக்கும், நாலரைக்கு இருட்டோடு உட்கார வேண்டும். முதல் மூன்று நாளும் மூக்கு வாசலில் மூச்சு வந்து போவதைப் பார்ப்பது மட்டுமே வேலை. நாலாம் நாள்தான் விபாசனா தொடங்கும். அதன் பிறகு தினமும் மூன்று தடவை, ஒவ்வொரு மணி நேரம், கை கால் அசைக்காமல் இருக்கச் சொல்வார்கள். முழங்கால் பேசுகிற நேரம் அது. பதினொரு மணிக்கு மத்தியானச் சாப்பாடு, ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் தேத்தண்ணியும். அதோடு மறுநாள் காலை ஆறரை வரை ஒன்றுமில்லை. இரவு எட்டு மணிக்குப் புட்டும் சொதியும் கண்ட வயிறு முதல் இரண்டு நாளும் சண்டை பிடிக்கும்.

பௌத்த இடமாச்சே என்று தயங்குபவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். இந்த முறையைப் பரப்பிய கோயங்கா 1924இல் மண்டலேயில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். மதம் மாறச் சொல்வதில்லை. ஆனால் தொடக்கத்தில் புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிச் சரணமும் பஞ்சசீலமும் எடுக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் வேறு பூசை, செபம், விரதம் எதுவும் செய்யக் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் இருக்க முடியாத ஆளுக்கு இது ஒத்துவராது. சென்னை மையத்தில் உரைகளைத் தமிழில் கேட்கலாம். ஹிந்தகலவுக்கு விண்ணப்பிக்கும்போதே மொழியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாலைதீவு ஹோட்டல்களில் மசாஜ் கிடைக்கும், பழகுவதற்கு அதிகம் இல்லை. காலிக்குப் பக்கத்தில் தொடந்துவையில் ஜெர்மன் பிக்கு ஞானதிலோகர் 1911இல் தொடங்கிய தீவு ஆச்சிரமம் அருமையான இடம், ஆனால் துறவிகளுக்கானது. புறாமலை தேசியப் பூங்கா. இரவு தங்க விடமாட்டார்கள்.

“இதெல்லாம் ஏன், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கே?” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு கிணறும் ஏழு சூடு. வாளியை விட்டு அள்ளித் தலையில் ஊற்றி, “இது காணாது” என்று அடுத்த கிணற்றுக்குப் போவதிலேயே காலைப் பொழுது கழியும். உடம்பு நோவு குறையும், மறுக்கவில்லை. ஆனால் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் அழுதுகொண்டு நிற்பார்கள், சுற்றுலா பஸ் வந்து இறங்கும், ஈரத் தலையோடு பாதி வழியில் நிற்கும்போதே வீட்டிலிருந்து போன் வரும்: வரும்போது பாண் வாங்கிக்கொண்டு வா. ஊருக்குள் இருந்தபடி ஊரை விட்டு ஒதுங்க நம் ஆட்களால் முடியாது.

ஆகவே இங்கே இருப்பவருக்கு என் முதல் தெரிவு ஹிந்தகல. கனடாவில் இருந்துகொண்டு எழுத்தோ தியானமோ ஒரு நல்ல ஆசிரியரிடம் பழக ஆசைப்படுபவர் கோர்டெஸுக்குப் போகட்டும். வயதானவர், கூட்டத்தோடு இருக்க விரும்புபவர் பஹாமாஸுக்கு.

விபாசனா விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை, மருந்து, அண்மைய பெரிய துக்கம் பற்றியெல்லாம் கேட்பார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைக்க வேண்டாம். அண்மையில் ஆளைப் பறிகொடுத்தவர்களுக்குப் பத்து நாள் மௌனம் பாரமாகிவிடலாம். மருந்து எடுப்பவர்கள் தங்கள் டொக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி இடம், கணவன் மனைவி சேர்ந்து போனாலும் பத்தாம் நாள் வரை பேச முடியாது. அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட நிலையத்தின் இலக்கத்தை எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.