சூலியா ஸ்ட்ரீட் மாடியில் ஓர் இசைத்தட்டுக் கடை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் சூலியா ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்து. அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள நடைபாதையில், நின்றால் மேல்மாடியிலிருந்து பாட்டுச் சத்தம் இறங்கி வரும். பெயர்ப்பலகை கிடையாது. பெயரை எழுத வேண்டாம் என்று தவுக்கேயும் (கடை முதலாளி) கேட்டுக்கொண்டார். பத்துப் பேர் சேர்ந்து ஏறினால் நிற்க இடமில்லை. பட்டர்வொர்த்தில் 22 வருஷமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஃபெர்ரி பிடித்து இங்கே வந்துவிடுவேன்.

தவுக்கே சீனர், எழுபதை நெருங்கியவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கடையில் 200 தமிழ்த் தட்டுகளாவது இருக்கும். அவற்றைத் தனியாக ஒரு மூலையில் போட்டு வைக்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் பிடித்தது. மொழி பார்க்காமல், காதில் விழுவதை வைத்து அடுக்கியிருக்கிறார். கிட்டார் முன்னால் நிற்பவை ஒரு பெட்டியில், ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரு பெட்டியில், ஆட வைப்பவை இன்னொன்றில். கிட்டார் பெட்டியில் அறுபதுகளின் மலாய் 'பாப் யே யே' தட்டு ஒன்றுக்குப் பின்னால், 1980இல் வந்த 'மூடுபனி' இருந்தது. பாலுமகேந்திரா படம், இளையராஜாவுக்கு நூறாவது.

வாங்குமுன் கேட்டுப் பார்க்கலாம். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு ரெக்கார்ட் பிளேயர், நல்ல ஹெட்ஃபோன். சனிக்கிழமைகளில் உதவிக்கு வரும் தம்பி, "அக்கா, ஊசியை நான் வைக்கிறேன்" என்று பக்குவமாக இறக்கிவிட்டான்.

'என் இனிய பொன் நிலாவே' ஆரம்பித்தது. ரேடியோவில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. முதலில் கிட்டார் மட்டும், நரம்பு நரம்பாகப் பிரித்து மீட்டுவது. என் மாணவர்கள் பரீட்சைக்கு வாசிக்கும் 'நேச்சுரல் மைனர்' ஸ்கேல்தான். நம் கர்நாடக இசைக் கணக்கில் அது 20வது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம், நடபைரவி. ஏழு சுரங்களும் அதே ஏழு சுரங்கள். பிறகு யேசுதாஸ் வாயைத் திறக்கிறார். கிட்டார் ஒவ்வொரு சுரத்திலும் கால் ஊன்றி நடக்கிறது. குரலோ ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த வழுக்கலுக்குப் பியானோவில் கட்டையே இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் அந்த இடத்தில்தான் பாட்டு தமிழ்ப் பாட்டாக நிற்கிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்து, வாத்தியக்காரர்களுக்கு நொட்டேஷன் எழுதிக் கொடுத்தவர் இளையராஜா. அவர் இந்த இரண்டையும் அரைத்துக் கூழாக்கவில்லை. இரண்டும் அதனதன் நடையில் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. சினிமாக்காரர்கள் வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள் என்று பேசுகிறவர்களை இந்த நாற்காலியில் ஒரு மூன்று நிமிஷம் உட்கார வைக்க ஆசை.

ட்ரம்பெட் பெட்டியில் இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவின் இந்திப் பாட்டுகள் ஒரு ஜாஸ் தட்டோடு ஒட்டி நின்றன. சரியான இடம். அவரோடு வேலை செய்த ட்ரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் கோவாக்காரர், பம்பாயில் சொந்தமாக ஜாஸ் குழு நடத்தியவர்.

ஆட்டப் பெட்டியில் 1964இன் 'காதலிக்க நேரமில்லை'. அதில் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டை அம்மா அடுப்படியில் பாடிக் கேட்டிருக்கிறேன். வேலை போன இளைஞன், முதலாளி வீட்டு வாசலில் ஆள் சேர்த்துக்கொண்டு போராடுகிறான். மெட்டு துள்ளலான மேல்நாட்டு ஆட்ட மெட்டு. சொல் அப்படியே தெருவில் போடும் கோஷம். தோட்டத்தில் சம்பளத்துக்காகக் கூட்டம் கூடிய காலத்தைப் பார்த்த தாத்தாவுக்கும் இந்தப் பாட்டு பிடித்துப்போனது. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

குறையும் சொல்ல வேண்டும். இந்த அடுக்கு முறையில் இசையமைப்பாளர் பெயரை வைத்து எதையும் தேட முடியாது. எம்.எஸ்.வி. மூன்று பெட்டிகளில் கிடக்கிறார். ஒரு நாதஸ்வரத் தட்டு சாக்ஸபோன்களுக்கு நடுவே இருந்தது. காது அளவில் நியாயம்தான், ஆனால் நாதஸ்வரம் தேடி வருகிறவர் அங்கே கை வைக்கவே மாட்டார். தவுக்கேயிடம் சொன்னேன். பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதித் தந்தால் சுவரில் ஒட்டுகிறேன் என்றார். பாதி எழுதியாயிற்று. விலைச் சீட்டுகளை உறையில் தமிழ் எழுத்துகளின் மேலேயே ஒட்டுவதையும் நிறுத்த வேண்டும். உரித்தால் எழுத்தும் சேர்ந்து வருகிறது.

நான்கு பாட்டு உள்ள சின்னத் தட்டு (இபி) 20 வெள்ளி (ரிங்கிட்), நல்ல நிலையில் உள்ள பெரிய தட்டு (எல்பி) 70லிருந்து 120 வரை. கீறலை மறைக்காமல் உறையிலேயே எழுதி வைக்கிறார்கள். போன வருஷம் இணையத்தில் வேறொருவரிடம் வாங்கிய தட்டு அப்பளம் மாதிரி வளைந்து வந்தது, பணமும் திரும்பவில்லை. அதற்கப்புறம் கேட்காமல் வாங்குவதில்லை. இங்கே 5 வெள்ளி கொடுத்தால் தட்டைக் கழுவியும் தருகிறார்கள். 'மூடுபனி'யைக் கழுவச் சொன்னேன். கிட்டாருக்குப் பின்னால் மழை மாதிரி இரைந்த சத்தம் பெரும்பாலும் போய்விட்டது.

சனி, ஞாயிறு மதியம் 12 முதல் 6 வரை திறந்திருக்கும். காசு மட்டும்தான். படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் தம்பி இறங்கி வருவான். தட்டை வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறுங்கள்.