எருசலேமின் இரு கல்லறைகள்: திருக்கல்லறை ஆலயமா, தோட்டக் கல்லறையா?

எருசலேமில் ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும் கிடைக்கிறவர்கள், இயேசுவின் கல்லறை என்று காட்டப்படும் இரண்டு இடங்களில் எதற்குச் செல்வது என்று தயங்குகிறார்கள்.

வரலாறு: கான்ஸ்டன்டைன் பேரரசர் கட்டுவித்த திருக்கல்லறை ஆலயம் 335-இல் அர்ப்பணிக்கப்பட்டது, 1009-இல் இடிக்கப்பட்டு மீண்டும் எழுந்த அந்த இடம் இன்று நகர மதிலுக்குள் இருந்தாலும், இயேசுவின் காலத்தில் நகருக்கு வெளியேதான் இருந்தது. அந்த மதிலின் தமஸ்கு வாசலுக்கு வடக்கேயுள்ள தோட்டக் கல்லறையோ 1867-இல்தான் வெளிப்பட்டது. அதன் குடைவு முறை கி.மு. 8 அல்லது 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது தொல்லியலாளர் கேப்ரியல் பார்கேயின் முடிவு. யோவான் சுவிசேஷம் சொல்லும், அதுவரை யாரும் வைக்கப்படாத புதிய கல்லறைக்கு அது பொருந்தாது என்றே நானும் கருதுகிறேன்.

தோற்றம்: ஆலயத்தில் பாறை பளிங்குக்குள் மறைந்திருக்கிறது, தோட்டத்தில் குடைந்த பாறையை அப்படியே காணலாம்.

ஜெபம்: ஆலயத்தில் நெடிய வரிசை, உள்ளே சொற்ப நேரம், தோட்டத்தில் மரநிழலில் அமர இடமுண்டு.

பதினாறு நூற்றாண்டு ஜெபங்களோடு தம் ஜெபத்தையும் சேர்க்க விரும்புகிறவர் ஆலயத்துக்குச் செல்லட்டும். அன்பானவரை அண்மையில் அடக்கம் செய்துவிட்டு வந்திருப்பவருக்கு நான் தோட்டத்தையே சொல்வேன். இயேசுவைக் குறித்து, "அவர் இங்கே இல்லை, உயிர்த்தெழுந்தார்" என்று கல்லறைக் கதவில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, துக்கத்தையும் நித்திய ஜீவனைக் குறித்த வாக்குத்தத்தத்தையும் ஒருசேர நெஞ்சில் சுமந்தபடி அங்கே அமைதியாக அமர்ந்திருக்கலாம்.