கரிசல் சேற்றில் கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்: 61,000 கிலோமீட்டர் அனுபவம்

2023 ஜனவரியில் மதுரையில் பதிவு செய்த என் மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் வண்டி இந்த வாரம் 61,000 கிலோமீட்டரைத் தாண்டியது. ஐந்து கியர் மேனுவல், 1.5 லிட்டர் பெட்ரோல், ஆல்கிரிப் என்ற பெயரில் நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் (ஆல் வீல் டிரைவ்) உள்ள வகை. வாங்கிய நாள் முதல் இன்று வரை என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "நம்ம ஊருக்கு ஆல் வீல் டிரைவ் எதுக்கு?" என்பதுதான். மதுரை நகருக்குள்ளும் நான்குவழிச் சாலையிலும் மட்டும் ஓட்டுபவருக்கு அது தேவையே இல்லை. எனக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இருபது நாட்கள் தேவைப்படுகிறது. அந்த இருபது நாளுக்காக மற்ற நாட்களில் என்ன விலை கொடுக்கிறேன், அந்த இருபது நாளிலும் வண்டி எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வண்டி எந்த வகையில் சேரும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் "சப் காம்பாக்ட்" என்றால் வரிச் சலுகைக்காக நான்கு மீட்டருக்குள் அடக்கப்பட்ட வண்டி என்று பொருள். வெளிநாடுகளில் அதே சொல், இந்த வண்டியைப் போல நான்கேகால் மீட்டரை ஒட்டிய கிராஸ்ஓவர்களைக் குறிக்கும். கிராண்ட் விட்டாராவின் நீளம் 4,345 மில்லிமீட்டர், தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்குள் நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்றால் மாருதி ஜிம்னி, மஹிந்திராவின் மூன்று கதவுத் தார் போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய வண்டிகளுக்குத்தான் போக வேண்டும். அவை காட்டுக்குப் பிறந்தவை. வயதான பெற்றோரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வாரந்தோறும் ஊருக்குப் போய்வர ஏற்றவை அல்ல. கார் போன்ற உடலமைப்பும் நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்து, இருபது லட்சத்துக்குள் கிடைக்கும் வண்டிகள் மிகக் குறைவு. 2014-இல் வந்த டஸ்டர் ஆல் வீல் டிரைவ் அந்த இடத்தை டீசல் இன்ஜினோடு நன்றாகவே நிரப்பியது, 2020-இல் புகை மாசுக்கான பி.எஸ். 6 விதி வந்தபோது அந்த டீசல் நின்றுபோனது. பிறகு 2022-இல் கிராண்ட் விட்டாராவும், அதன் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடரும் வந்தன. 2025-இல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடு ஆல்கிரிப் கிடைக்கத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த மாருதி விக்டோரிஸிலும் அது உண்டு.

எங்கள் பூர்வீக நிலம் பேரையூர்ப் பக்கம் இருக்கிறது. திருமங்கலம் தாண்டிவிட்டால் அந்தப் பகுதி முழுவதும் கரிசல்தான். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அந்த மண், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை நான்கு நாள் பெய்துவிட்டால் களிம்பு போலாகிவிடும். தார்ச் சாலையிலிருந்து எங்கள் கிணற்றடி வரை ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை. முன்பு வைத்திருந்த முன்சக்கர இயக்கக் காரை மழைக்காலத்தில் தார்ச் சாலையோரம் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். இந்த வண்டியை வாங்கியதற்கு அந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் காரணம்.

கியர் கம்பிக்குப் பின்னால் உள்ள திருகுப் பொத்தானில் ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என நான்கு நிலைகள் உள்ளன. ஆட்டோவில் வண்டி பெரும்பாலும் முன்சக்கரங்களால் ஓடும். முன்சக்கரம் வழுக்குவதை உணரிகள் கண்டுகொண்டால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் இணைப்பு இறுகி, விசையைப் பின்னாலும் அனுப்பும். ஸ்னோ என்ற பெயரைப் பார்த்து அதை ஒதுக்கிவிட வேண்டாம். நமக்குப் பனி இல்லாவிட்டாலும் ஈரச் செம்மண்ணுக்கும் புல் மூடிய பாதைக்கும் அதுதான் பொருத்தம். அதில் ஆக்சிலரேட்டர் மென்மையாகிறது, பின்சக்கரங்கள் முன்கூட்டியே சேர்ந்துகொள்கின்றன. லாக், சிக்கிய இடத்திலிருந்து வெளியே வருவதற்கானது. வேகம் கூடினால் தானே விலகிக்கொள்ளும். ஒரு சக்கரம் காற்றில் சுழன்றால் அதற்கு மட்டும் பிரேக் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு விசையைத் தள்ளும். இதில், கடும் ஏற்றத்திலும் சேற்றிலும் விசையைப் பெருக்கித் தரும் குறைவேக கியர் பெட்டி கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

முதல் ஆண்டு மழையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பாதை தொடங்கும் இடத்தில் டிராக்டர் சக்கரம் தோண்டிய பள்ளத்தில் முன்சக்கரங்கள் ஒரு சுற்று சும்மா சுழன்றன. அடுத்த நொடி பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல வண்டி நகர்ந்தது. கிணற்றடியில் இறங்கியபோது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை மறு ஆண்டு கார்த்திகையில் போனது. ஐந்து நாள் மழைக்குப் பிறகு அதே பாதையில் முந்நூறு மீட்டர் போனதும், லாக் போட்டும் வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் டயரில் ஒரு பள்ளம்கூடத் தெரியவில்லை. நான்கு டயரும் வழவழவென்று கறுப்பு உருளைகளாக இருந்தன, சக்கர வளைவுக்குள்ளும் மண் அடைத்துக்கொண்டிருந்தது. டிராக்டரோடு வந்த சித்தப்பா சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னப்பா, நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னே? டயரப் பாரு, பணியாரக் குழியில மாவு ஊத்துன மாதிரி அடச்சுக் கிடக்கு."

அவர் சொன்னதில் பெரும் பொருள் இருந்தது. எத்தனை சக்கரத்துக்கு விசை போகிறது என்பது வேறு, அந்தச் சக்கரம் மண்ணைப் பிடிக்கிறதா என்பது வேறு. நிறுவனம் தரும் 215/60 ஆர் 17 அளவு டயர் தார்ச் சாலைக்கானது. அதன் நெருக்கமான பள்ளங்கள் மணலையும் செம்மண்ணையும் உதறிவிடும், கரிசலை உதறாது. ஆகவே நான்கு சக்கர இயக்கத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுச் சாலை டயரோடு கரிசலுக்குள் போகிறவர், பாதிப் பணத்தை விட்டுவிட்டுப் போகிறார். இப்போது மழை மூன்று நாளைத் தாண்டினால் சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் பாதையில் இறங்குகிறேன்.

டயர் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது இதை யாரும் விளக்குவதில்லை. 38,000 கிலோமீட்டரில், கல்குவாரி லாரிகள் ஓடும் ஒரு சாலையில், ஒரு டயரின் பக்கவாட்டில் கல் கிழித்துவிட்டது. டயர் கடைக்காரர் ஒரு புது டயர் போட்டால் போதும் என்றார். முன்சக்கர இயக்கக் காருக்கு அது ஓரளவு சரியான யோசனைதான். என் பழைய டயர்களில் பள்ளத்தின் ஆழம் மூன்று மில்லிமீட்டர் மீதமிருந்தது, புதியதில் எட்டு. அப்படியென்றால் விட்டத்தில் பத்து மில்லிமீட்டர் வேறுபாடு. இந்த அளவு டயரில் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பழைய சக்கரம் புதியதைவிட ஏறக்குறைய ஏழு சுற்று அதிகம் சுற்றும். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கு இடையிலான வேறுபாட்டை டிஃபரன்ஷியல் சமாளிக்கும். ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இருப்பது கிளட்ச் இணைப்பு. ஓயாத வேறுபாட்டை அது வழுக்கல் என்று எடுத்துக்கொள்ளலாம், சூடேறலாம், நாளடைவில் தேயலாம். கடைக்காரர் சிரித்தார், நான் நான்கையும் மாற்றினேன். செலவு வலித்தது. இன்னும் கொஞ்சம் ஆயுள் மீதமுள்ள மூன்று டயர்கள் இன்றும் தோட்டத்து மோட்டார் அறை ஓரத்தில் கிடக்கின்றன. அப்போதிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் டயர்களை இடம் மாற்றிப் போட்டு, நான்கும் ஒன்றாகத் தேயும்படி பார்த்துக்கொள்கிறேன்.

மலைக்கு வருவோம். 1,462 சிசி இன்ஜின் 103 பி.எஸ். திறனும் 136.8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. அந்த முறுக்குவிசை நிமிடத்துக்கு 4,400 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கும். எண்ணைவிடப் பாதை தெளிவாகச் சொல்லும்: வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏசியுமாக ஏறினால், கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியர் திணறும், முதல் கியருக்கு இறங்க வேண்டும். முன்னால் போகும் பேருந்தைத் தாண்ட இன்ஜினைக் கத்தவிட வேண்டும். டீசல் வண்டியிலிருந்து மாறுகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். ஐந்து பேரோடும் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். நல்ல தார் போட்ட மலைப்பாதைக்கு நான்கு சக்கர இயக்கம் தேவை என்று நினைப்பதும் தவறு. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும், திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கும் எல்லா வகைக் கார்களும் ஏறுகின்றன. மழையில், செங்குத்தான வளைவின் உட்பக்கம் நின்று கிளம்பும்போது முன்சக்கரம் கிறீச்சிடாமல் வண்டி நகர்வது மட்டுமே நான் உணர்ந்த வேறுபாடு.

நான்கு சக்கர இயக்கத்தின் அருமை தெரிந்த இடம் தாண்டிக்குடி மலைக்கிராமம். அங்கே காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் உறவினர் வீட்டுக்கு இறங்கும் கான்கிரீட் சரிவில், நிழலும் ஈரமும் சேர்ந்து பாசி படிந்திருக்கும். காலையில் அந்தச் சரிவில் பின்னோக்கி ஏறித்தான் வெளியே வர வேண்டும். முன்சக்கர வண்டிகள் பின்னோக்கி ஏறும்போது எடை கீழ்ப்பக்கமுள்ள முன்சக்கரங்கள் மேல் சாய்ந்தாலும், பாசியில் அந்த இரண்டு சக்கரங்களும் பிடிமானம் இல்லாமல் சுழலும். அங்கே வரும் மற்ற கார்களுக்குச் சாக்கு விரித்துத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்னோ நிலையில் இந்த வண்டி ஒருமுறைகூட வழுக்காமல் மேலே வந்தது. இறங்கும்போது இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால் பிரேக்கைத் தானே விட்டுவிட்டுப் பிடிக்கும். கீழேயிருந்து வரும் கரகரவென்ற ஓசைக்கு முதல்முறை பயந்துவிட வேண்டாம். ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: கிளம்புவதற்குத்தான் நான்கு சக்கர விசை உதவும். ஈரச் சாலையில் நிற்பதற்கு எல்லாக் காருக்கும் அதே நான்கு பிரேக்கும் அதே டயரும்தான்.

நகரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கோரிப்பாளையம் நெரிசலில் கிளட்ச் மிதி இடது முழங்காலைச் சோதிக்கும், மாசி வீதிகளில் நிறுத்த இடம் கிடைக்காது, நத்தம் பறக்கும் பாலத்தில் ஏறிவிட்டால் மனம் நிறையும். சிக்னலில் இன்ஜின் தானே அணைந்தால் ஏசியின் குளிர்ச்சியும் குறையும் என்பதால், சித்திரை வைகாசியில் அந்த வசதியை வண்டி ஏறியவுடனே நிறுத்திவிடுவேன். கண்ணாடிக் கூரை வாங்குகிறவர் யாராயிருந்தாலும் மதுரை வெயிலுக்குத் தனியாகத் தடித்த திரை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனிக் கணக்கு. அறிமுக விலையில் இதே மேல்வகையின் முன்சக்கர மேனுவலுக்கும் ஆல்கிரிப்புக்கும் ஒன்றரை லட்ச ரூபாய் வேறுபாடு. நிறுவனம் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு முன்சக்கர மேனுவலுக்கு 21.11, ஆல்கிரிப் மேனுவலுக்கு 19.38 கிலோமீட்டர். எனக்கு நகரில் 12 முதல் 13, திருச்சி சாலையில் நிதானமாகப் போனால் 17 கிடைக்கிறது. நிறுவனக் கணக்கையே வைத்துக்கொண்டாலும், 60,000 கிலோமீட்டரில் ஆல்கிரிப் ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்திருக்கும். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது அது 25,000 ரூபாய். சர்வீஸில், விசையைப் பின் அச்சுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கும் தனி ஆயில் உண்டு. ஆனால் உண்மையான போட்டி முன்சக்கர மேனுவலோடு அல்ல, இதே பெயரில் விற்கும், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஸ்ட்ராங் ஹைபிரிடோடுதான். அதற்கு நிறுவனம் சொல்வது 27.97 கிலோமீட்டர், நெரிசலில் மின்சாரத்திலேயே ஊர்ந்துவிடும். ஹைபிரிடில் ஆல்கிரிப் கிடையாது, ஆல்கிரிப்பில் அந்த ஹைபிரிட் கிடையாது. பேட்டரியால் ஹைபிரிடின் டிக்கி இடமும் சுருங்கிவிடும். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர், பெரும்பாலும் மதுரைக்குள்ளேயே ஓடுகிறவர் ஹைபிரிடைத்தான் வாங்க வேண்டும். நிலம், தோட்டம், மலைவீடு என்று தார் முடியும் இடத்துக்கு அப்பாலும் வேலை இருப்பவருக்குத்தான் இது.

பழைய ஆல்கிரிப் வண்டி பார்க்கிறவர்கள் முதலில் நான்கு டயரையும் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒத்த தேய்மானம் இல்லையென்றால் அந்த வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும். திறந்த இடத்தில் ஆட்டோ நிலையில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். அடியில் திணறலோ தட்டும் ஓசையோ வரக் கூடாது. லாக் நிலையில் உலர்ந்த தார்ச் சாலையில் இப்படிச் செய்தால் நல்ல வண்டியே இறுக்கிப் பிடிக்கும், ஆகவே அந்தச் சோதனையை மண் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். பின் டிஃபரன்ஷியல் அடியில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இதுவரை இழுவை வண்டியில் ஏற்றியிருக்கிறார்களா, ஏற்றியிருந்தால் எப்படி என்றும் கேளுங்கள். முன்சக்கரத்தை மட்டும் தூக்கிப் பின்சக்கரத்தை ஓடவிட்டு இழுத்துச் சென்ற ஆல் வீல் டிரைவ் வண்டி என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் நான் தொடமாட்டேன்.